புளியமரத்திலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை 32 மீட்டர்

காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகும் சாலையை விட்டுப் பிரியும் ஒரு கிளைச் சாலையில் எங்கள் பள்ளி இருக்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு நான் அறிவியல் எடுக்கிறேன். போன ஆண்டு ஜூலையில், மாலை மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்த நேரம், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சாலையைக் கடக்கும்போது பைக் மோதி விழுந்தான். தொடை எலும்பு முறிந்துவிட்டது. வேலூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, மூன்று மாதம் கழித்துத்தான் பள்ளிக்கு வந்தான். இப்போது நன்றாக நடக்கிறான். படிப்பவர்களுக்கு அந்தக் கவலை கடைசிவரை இருக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்றும் மறுநாளும் வாசலில் இதே பேச்சுதான். பைக் ஓட்டியவர், "நான் மெதுவாத்தாம்மா வந்தேன், பையன் திடீர்னு குறுக்க வந்துட்டான்" என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் பிரேக் சரியில்லை என்றார்கள். பையனைத் திட்டியவர்களும் உண்டு. ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள், ஒருவரிடமும் ஓர் அளவு இல்லை. மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், எவ்ளோ ஸ்பீடுல வந்திருந்தா வண்டி அங்க நின்னிருக்கும்?"

கரும்பலகையில் சமன்பாடு எழுதி ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டவள் பார்த்தது ஒரு உண்மையான சாலையை, உண்மையான வண்டியை. அதனால் அளந்து பார்ப்போம் என்றேன். ஐந்து பேர் சேர்ந்தார்கள். அடுத்த இரண்டரை மாதத்தில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தவறாகப் போன இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன், நாங்கள் அதிகம் கற்றது அங்கேதான்.

துண்டும் கோலியும்

முதலில் வகுப்பறை மேசை. நடுவில் பள்ளம் உள்ள ஸ்கேலைச் சாய்த்து வைத்து, அதில் கோலியை உருட்டிவிட்டோம். கீழே விரித்த துண்டில் அது உருண்டு எங்கே நிற்கிறது என்று அளந்தோம். 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டபோது சராசரியாக 21 சென்டிமீட்டர் போய் நின்றது. 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 43. 20க்கு 84.

பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். உயரம் இரண்டு மடங்கானால் தூரமும் இரண்டு மடங்கு. நோட்டில் ஒரு பையன் எழுதினான்: "வேகம் இரண்டு மடங்கு ஆனால் நிற்கும் தூரமும் இரண்டு மடங்கு."

அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கத் தோன்றியது, அடிக்கவில்லை. "உயரத்தைத்தானே மாத்தினோம், வேகத்தை எப்ப மாத்தினோம்?" என்று மட்டும் கேட்டேன். சரிவில் உருளும் பொருளின் வேகம் உயரத்தோடு நேராக ஏறுவதில்லை. உயரம் நான்கு மடங்கானால்தான் வேகம் இரண்டு மடங்காகும். 5லிருந்து 20க்குப் போனது உயரத்தில் நான்கு மடங்கு, வேகத்தில் இரண்டு மடங்கு, தூரத்திலோ 21லிருந்து 84, அதாவது நான்கு மடங்கு. அதே எண்கள்தான், ஆனால் நோட்டில் எழுதிய வாக்கியம் தலைகீழாகிவிட்டது. அந்தப் பையன் அந்த வரியை அடித்துவிட்டு அதன் கீழேயே சரியானதை எழுதினான். அழித்து எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், கேட்டுக்கொண்டான்.

இந்தக் குழப்பம் பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததல்ல. நகரும் பொருளிடம் இருக்கும் "வலு" வேகத்தைப் பொறுத்ததா, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததா என்று ஐரோப்பாவின் பெரிய மூளைகள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டிருக்கின்றன. ஹாலந்தைச் சேர்ந்த வில்லெம் ஸ்கிரேவசாண்டே 1720களில் பித்தளைக் குண்டுகளை மெத்தென்ற களிமண்ணில் போட்டு, குழியின் ஆழத்தை அளந்தார். இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்த குண்டு நான்கு மடங்கு ஆழத்துக்குப் போனது. பிரான்ஸில் எமிலி து ஷாத்லே அந்தச் சோதனையைத் தன் 1740ஆம் ஆண்டு நூலில் எடுத்துவைத்து வாதாடினார். இதைச் சொன்னதும் ஒரு மாணவி, "நம்ம கரிகிரியில மண்பாண்டத்துக்குப் பிசையிற களிமண்ணுல போட்டுப் பாக்கலாமா டீச்சர்?" என்றாள். அது வேறொரு திட்டமாகக் காத்திருக்கிறது.

பிளாட் போட்ட இடத்தில்

அடுத்தது சைக்கிள். ஊருக்கு வெளியே வயலை மனையாக்கி, வெள்ளைக் கல் நட்டு, தார் ரோடும் போட்டு, வீடு வராமல் கிடக்கும் இடங்கள் வேலூரைச் சுற்றி நிறைய. அப்படி ஓர் இடத்தில் 120 மீட்டருக்கு நேரான ரோடு கிடைத்தது. வண்டி வராது, மேடு பள்ளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் போவோம். எட்டரைக்கு மேல் வேலூர் வெயிலில் தாரில் நிற்க முடியாது.

சைக்கிள் ஓட்டியது பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். அவனுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள்தான். ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டான். முன் பிரேக்கைத் தொடவே கூடாது, பின் பிரேக் மட்டும் என்று முடிவு செய்தேன். முன் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தால் ஆள் தலைகுப்புறப் போவான். அதனால் எங்கள் எண்கள் நல்ல பிரேக்கின் எண்கள் அல்ல. ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே பிரேக், ஒரே ஆள், ஒரே ரோடு. எங்களுக்கு வேண்டியது அதுதான்.

வேகத்தை அறிய 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் கோடுகள். அதைக் கடக்க 7.2 நொடி ஆனால் மணிக்கு 10 கிலோமீட்டர். 4.8 நொடி என்றால் 15, 3.6 நொடி என்றால் 20. முதலில் 10 மீட்டர் கோடுதான் போட்டிருந்தோம். ஸ்டாப்வாட்சை அமுக்குவதில் கால் நொடி பிசகினாலே வேகம் எக்கச்சக்கமாக மாறியது, அதனால் 20 ஆக்கினோம். இரண்டாவது கோட்டைச் சக்கரம் தொட்டதும் ஒரு மாணவி விசில் ஊதுவாள். விசில் கேட்டதும் ஓட்டுபவன் பிரேக் பிடிக்க வேண்டும். கோட்டிலிருந்து முன்சக்கரம் நின்ற இடம் வரை டேப் பிடிப்போம். ஒவ்வொரு வேகத்துக்கும் ஐந்து தடவை.

சராசரி இப்படி வந்தது: மணிக்கு 10 கிலோமீட்டரில் 3.5 மீட்டர், 15இல் 6.4 மீட்டர், 20இல் 10.1 மீட்டர்.

20இல் ஒரு ஓட்டம் மட்டும் 8.2 மீட்டரிலேயே நின்றது. விசாரித்தால், விசில்காரியின் கை உயர்வதைப் பார்த்தே முன்கூட்டிப் பிரேக் பிடித்துவிட்டான். அதைச் சராசரியில் சேர்க்கவில்லை, வேறொரு தடவை ஓட்டினோம். ஆனால் பதிவேட்டில் அந்த எண் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் காரணத்தோடு.

"இன்னா டீச்சர், மூணுதான் வருது?"

பிள்ளைகள் கணக்குப் போட்டுவிட்டு முகம் வாடிப்போனார்கள். 10க்கு 3.5, 20க்கு 10.1. வகுத்தால் 2.9. துண்டில் நான்கு மடங்கு வந்ததே, ரோட்டில் ஏன் மூன்றுதான்?

ஒரு பையன் என்னிடம் மெதுவாக வந்து, "10 கிலோமீட்டருக்கு 2.5 மீட்டர்னு போட்டுடலாமா டீச்சர்? சரியா நாலு வந்துடும்" என்றான். நல்ல பிள்ளை, ஏமாற்றும் எண்ணமே கிடையாது. விடை புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற பயம்தான். நாம் வருடா வருடம் ரெக்கார்டு நோட்டில் அந்தப் பயத்தைத்தானே வளர்க்கிறோம். அவனை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னேன்: நாம் அளந்த எண் பொய் சொல்லாது. நாம் நினைப்பது ஒன்று, அளந்தது வேறொன்று என்றால், நமக்குத் தெரியாத ஒரு பொருள் உள்ளே இருக்கிறது. அதைத் தேடலாம்.

தேடியவள் விசில் ஊதிய மாணவிதான். "நான் ஊதினதுக்கு அப்புறம் அண்ணன் கொஞ்ச தூரம் சும்மா போறாரு டீச்சர். அப்புறம்தான் பிடிக்கிறாரு." அந்தச் சும்மா போகும் தூரத்துக்கு அவள் வைத்த பெயர் "சுதாரிக்கிற தூரம்". பாடப்புத்தகச் சொல்லைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது, அதையே வைத்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு ரோட்டில் மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, பிரேக் பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டி, என் போனில் ஸ்லோ மோஷனில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தோம். ரிப்பன் அசையும் இடம் எது, சைக்கிள் நிற்கும் இடம் எது என்று தனித்தனியாகத் தெரிந்தது.

மணிக்கு 10 கிலோமீட்டரில் சுதாரிக்கிற தூரம் 1.9 மீட்டர், பிரேக் தூரம் 1.6. 15இல் 2.9, 3.4. 20இல் 3.9, 6.2.

இப்போது பாருங்கள். சுதாரிக்கிற தூரம் 1.9லிருந்து 3.9, நேராக இரண்டு மடங்கு. விசில் காதில் விழுந்து, மூளை புரிந்துகொண்டு, விரல் இறுக ஏறக்குறைய 0.7 நொடி ஆகிறது. வண்டி எந்த வேகத்தில் போனாலும் அந்த நேரம் மாறாது, அந்த நேரத்தில் கடக்கும் தூரம்தான் வேகத்தோடு கூடும். பிரேக் தூரமோ 1.6லிருந்து 6.2, ஏறக்குறைய 3.9 மடங்கு. ஒன்று இரண்டு மடங்காகவும் இன்னொன்று நான்கு மடங்காகவும் ஏறினால், கூட்டுத்தொகை இரண்டுக்கும் நடுவில் மூன்றாகத்தான் வரும். துண்டில் உருண்ட கோலிக்குச் சுதாரிக்க வேண்டியதில்லை, அதனால் அங்கே சுத்தமாக நான்கு வந்தது.

பிரிட்டனில் ஓட்டுநர் கையேட்டில் ஒரு பட்டியல் உண்டு. மணிக்கு 20 மைலில் பிரேக் தூரம் 6 மீட்டர், 40 மைலில் 24, 60 மைலில் 55. சுதாரிக்கும் தூரம் 6, 12, 18. அதைப் பலகையில் எழுதியபோது அந்த 2.5 மீட்டர் பையன்தான் முதலில் சொன்னான்: "ஒண்ணு வாய்ப்பாடு டீச்சர், இன்னொண்ணு வர்க்கம்." அந்தக் காலை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

கோலமாவும் டபுள்ஸும்

இடையில் ஒரு விபரீத யோசனை வந்தது. டயர் எங்கிருந்து இழுபடுகிறது என்று பார்க்க ரோட்டில் மெல்லியதாகக் கோலமாவு தூவினார்கள். தடம் அழகாகத் தெரிந்தது, ஆனால் 15 கிலோமீட்டரில் பிரேக் தூரம் 3.4லிருந்து 5.1 மீட்டராகிவிட்டது. சைக்கிளின் பின்பக்கம் லேசாக வழுக்கியும் போனது. உடனே நிறுத்தச் சொல்லிவிட்டேன். 20இல் அதைச் செய்ய விடவே இல்லை.

ஆனால் அது வீண் போகவில்லை. எங்கள் சாலையில் எம்-சாண்டும் செங்கல்லும் ஏற்றிய டிராக்டர்கள் நாள் முழுக்கப் போகும், ஓரமெல்லாம் பொடி மணல். டயருக்கும் தாருக்கும் நடுவில் மணி மணியாக ஏதாவது இருந்தால் பிடிமானம் போய்விடும் என்பதைக் கோலமாவே காட்டிவிட்டது. காட்பாடி ஜங்ஷன் பக்கம் வீடு உள்ள மாணவி, ரயில் ஏன் அவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று கேட்டாள். அதுவும் இதே கதைதான். இரும்புமேல் இரும்பு, பிடிமானம் குறைவு. நல்ல வேகத்தில் வரும் ரயில் அவசர பிரேக் போட்டாலும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போய்த்தான் நிற்கும்.

எடையைப் பற்றிய சோதனைதான் என்னையே திருத்தியது. சமன்பாட்டில் எடை இரண்டு பக்கமும் கழிந்துபோகும், எடை கூடினாலும் பிரேக் தூரம் மாறாது என்றுதான் இத்தனை ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தேன். பின்னால் ஒருவரை உட்காரவைத்து 15 கிலோமீட்டரில் ஓட்டச் சொன்னோம். 3.4 மீட்டர் வர வேண்டியது 4.7 வந்தது. மறுபடி ஓட்டினோம், 4.6. மறுபடி, 4.8.

படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. ஒருவர் ஓட்டும்போது பின்சக்கரம் சுற்றுவது அடியோடு நின்று டயர் தேய்ந்துகொண்டே போகிறது. இரண்டு பேர் உட்கார்ந்தபோது சக்கரம் கடைசிவரை சுற்றிக்கொண்டே இருந்தது. அதாவது ரோட்டின் பிடிமானம் தீரும் முன்பே பிரேக் கட்டையின் பலம் தீர்ந்துவிட்டது. டயர் வழுக்கும் அளவுக்குப் பிரேக் பலமாக இருந்தால்தான் எடை கழிந்துபோகும். பிரேக்கே பலவீனமாக இருந்தால், கூடுதல் எடை அப்படியே கூடுதல் தூரமாகிவிடும். தேய்ந்த பிரேக்கோடு மூன்று பேர் போகும் பைக்குகளை எங்கள் ஊரில் தினமும் பார்க்கிறோம். இனி இந்தப் பாடம் எடுக்கும்போது "எடை கழிந்துபோகும், எப்போது என்றால்..." என்று ஒரு வரி சேர்த்துத்தான் சொல்வேன்.

மரத்துக்கும் வாசலுக்கும் நடுவே

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன்.

குடியாத்தம் சாலைப் பக்கமிருந்து வந்தால் பள்ளிக்கு முன்னால் ஒரு பெரிய புளியமரம். அதை ஒட்டி சாலை வளைகிறது. வளைவின் உள்பக்கம் முழுக்கச் சீமைக்கருவேலம். மரத்தைத் தாண்டினால்தான் வாசல் கண்ணில் படும். டேப் பிடித்து அளந்தோம். மரத்திலிருந்து வாசலில் கடக்கும் இடம் வரை 32 மீட்டர்.

பைக்கை ஓட்டிச் சோதிக்க முடியாது, செய்யவும் கூடாது. கணக்குதான் போட்டோம். எதிர்பாராமல் ஒருவர் குறுக்கே வந்தால் சுதாரிக்க ஒரு நொடி என்று வைத்தோம். விசிலுக்குக் காத்திருந்த பையனுக்கே 0.7 ஆனது. காய்ந்த ரோட்டில் ஓரளவு நல்ல பிரேக் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தைக் குறைக்கும் என்று வைத்தோம்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தம் 15 மீட்டரில் நிற்கும். 40இல் 23 அரை மீட்டர். 50இல் 33. 60இல் 44, அதாவது இரண்டு கிரிக்கெட் பிட்ச் நீளத்தைவிடக் கூட. இருப்பது 32.

40இல் வந்தவர் எட்டு மீட்டர் மிச்சம் வைத்தே நின்றுவிடுவார். 50க்கு ஒரு மீட்டர்தான் போதவில்லை. "அப்ப 50க்கும் 60க்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டும் இடிக்கும்" என்றான் ஒருவன். இடிக்கும் நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் இருக்கும் என்று கணக்குப் போடச் சொன்னேன்.

50இல் வந்தவர் சுதாரிக்கவே 14 மீட்டர் போய்விடும். மிச்சம் 18 மீட்டரில் பிரேக் பிடித்து, வாசலுக்கு வரும்போது வேகம் மணிக்கு 12 கிலோமீட்டராகக் குறைந்திருக்கும். சைக்கிள் தட்டினது மாதிரி. 60இல் வந்தவர் சுதாரிக்க 17 மீட்டர் போய்விடும். மிச்சம் 15 மீட்டர். வாசலில் மோதும் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. பத்து கிலோமீட்டர் வேகம் கூடியதால், 12இல் தட்டியிருக்க வேண்டியது 40இல் மோதுகிறது. 40இல் கிளம்பி வந்தவர் எப்போதோ நின்றிருக்கும் இடத்தில், 60இல் வந்தவர் இன்னும் 40இல் போய்க்கொண்டிருக்கிறார். 2018 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகப்படி இதுபோன்ற சாலைகளில் இருசக்கர வாகனத்துக்கு 60 வரை அனுமதி உண்டு. அந்த 60 இந்த வளைவை அறியாது.

அந்த பைக் எந்த வேகத்தில் வந்தது என்று நாங்கள் எங்கேயும் எழுதவில்லை. பிள்ளைகள் எழுத ஆசைப்பட்டார்கள், நான் விடவில்லை. அன்று டயர் தடத்தை யாரும் அளக்கவில்லை. அளக்காததை வைத்து ஒரு மனிதர்மேல் பழி போடக் கூடாது. அவர் "மெதுவாத்தான் வந்தேன்" என்றது மனதறிந்த பொய்யாகவும் இருக்க வேண்டியதில்லை. பைக்கில் 50க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம் உடம்புக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.

அக்டோபர் 2

வேகத்தடை போடச் சொல்வதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பிள்ளைகளுக்கும் தோன்றியது. ஆனால் அந்த மாணவி, முதல் கேள்வி கேட்டவள், பட்டியலைத் திருப்பிப் படித்தாள். "வண்டி நிக்கத் தேவையான தூரத்தைக் குறைக்கிறது ஒரு வழி. கண்ணுக்குத் தெரியிற தூரத்தைக் கூட்டறது இன்னொரு வழி இல்லையா டீச்சர்?" மரம் அப்படியே இருக்கட்டும், புதரை வெட்டினால் போதும் என்றாள். மரத்தின்மேல் கை வைப்பதில் எனக்கும் சம்மதமில்லை.

காந்தி ஜெயந்தி அன்று கிராம சபையில் ஒரு சார்ட் தாளோடு போய் நின்றார்கள். சமன்பாடு ஒன்றும் இல்லை. மேலே சாலைப் படம், மரம், வாசல், நடுவில் 32 என்ற எண். கீழே நான்கு கோடுகள், நான்கு வேகங்கள். மூன்றாவது கோடும் நான்காவது கோடும் வாசலைத் தாண்டிப் போயின. டீக்கடைக்காரர் எழுந்து வந்து தாளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம வாசலா நைனா இது?" என்று கேட்டார். விவாதம் அதிகம் நடக்கவில்லை. வேகத்தடைக்கு மனு எழுதினார்கள், அது இன்னும் நடையாய் நடக்கிறது. புதரை மட்டும் அந்த வாரமே ஜேசிபி வைத்து எடுத்தார்கள்.

மறு சனிக்கிழமை டேப் எடுத்துக்கொண்டு போனோம். வாசலில் ஒருவர் நின்று கையைத் தூக்க, வளைவில் ஒருவர் பின்னால் நடந்துகொண்டே போய், கை மறையும் இடத்தில் நின்றார். 51 மீட்டர். 60இல் வருபவருக்குத் தேவை 44.

சீமைக்கருவேலம் வெட்டினால் போய்விடும் செடி இல்லை. அதனால் மாதத்தின் முதல் திங்கட்கிழமை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும் என்று பிள்ளைகளே ஏற்பாடு செய்துகொண்டார்கள். நவம்பரில் 51, டிசம்பரில் 49. மழை பெய்து துளிர்த்துவிட்டதால் ஜனவரியில் 46. அன்று மாலையே இரண்டு அப்பாக்கள் வெட்டரிவாளோடு வந்தார்கள். பதிவேட்டில் அந்தத் தேதிக்கு நேரே மாணவியின் கையெழுத்தில் மறுபடி 51 என்று இருக்கிறது.